மௌனத்தை நீக்கும் பொத்தான்

எடிட்டிங் கற்றுக்கொள்ள இன்று தமிழில் என்ன குறை என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு குறையும் இல்லை. பாடங்கள் இலவசம். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளைக்கூட ஒரு பைசா கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். எந்த விசையை அழுத்தினால் ஷாட் இரண்டாகும், பகலில் எடுத்ததை மாலையாக்குவது எப்படி, ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மின்னல் மாதிரி தாவுவது எப்படி என்பதையெல்லாம் விழுப்புரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பையன் சில வாரங்களில் கற்றுவிடுகிறான். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஊர் ஊராக ஆட்கள். தயார்நிலையில் நிறங்கள், தயார்நிலையில் தலைப்பு எழுத்துகள், தயார்நிலையில் சத்தங்கள். இதற்கு எடிட்டர்களின் சமூகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் இதைச் சந்தை என்கிறேன். சந்தை கெட்ட இடமல்ல. நானும் அங்கே போகிறவன்தான். ஆனால் சந்தையில் நின்றுகொண்டு சபை கூடியிருக்கிறது என்று சொல்லக்கூடாது. சபை என்றால் அங்கே ஒருவன் எழுந்து, "நீ இங்கே வெட்டியது பொய்" என்று சொல்ல முடிய வேண்டும். அதைச் சொல்ல இடமில்லை என்பதுதான் என் புகார்.

போன வருஷம் ஓர் ஆவணப்படத்தின் முதல் வடிவத்தைப் பார்க்க அழைத்திருந்தார்கள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்துப்போன ஒருவரின் மனைவி பேசுகிறார். அப்படிச் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டது, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. படத்தில் கேள்வி: "நஷ்டஈடு வந்ததா?" உடனே பதில்: "வந்துச்சு." அடுத்த ஷாட்.

எனக்கு உறுத்தியது. எடுத்ததை அப்படியே போடச் சொன்னேன். கேள்வி முடிந்ததும் அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்கிறார். சுவரிலிருக்கும் படத்தைப் பார்க்கிறார். வெளியே ஒரு வண்டி போகிறது. பதினொரு விநாடி கழித்து, "வந்துச்சு."

அதே முகம்தான், அதே சொல்தான். பதினொரு விநாடியோடு கேட்டால், பணம் வந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அர்த்தம். அது இல்லாமல் கேட்டால், சர்க்கார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது வடிவத்தை எந்த மந்திரியின் விழாவிலும் கூச்சமில்லாமல் திரையிடலாம்.

ஏன் வெட்டினாய் என்று எடிட் செய்த பையனைக் கேட்டேன். "நான் வெட்டல சார். சைலன்ஸ் எல்லாம் அதுவே எடுத்துடும். ஒரு பொத்தான்தான்" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் வயதில் எனக்கு இருந்ததைவிட அவனுக்குக் கைத்திறமை அதிகம். அவன் பார்த்த பாடங்களெல்லாம் மௌனம் வந்தால் பார்ப்பவன் எழுந்து போய்விடுவான் என்று சொல்லிக்கொடுத்திருக்கின்றன. மௌனமும் பேச்சுதான் என்று சொல்ல ஒருவர் வாய்க்கவில்லை. பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அறிவு. எப்போது அதைத் தொடக்கூடாது என்பதும் அறிவுதான். முதல் அறிவை ஊரெல்லாம் இறைத்துவிட்டு, இரண்டாவதை அவனவன் தலையெழுத்துக்கு விட்டுவிட்டோம்.

ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு மாஸ்கோவில் குலெஷோவ் நடத்திய பட்டறையை நினைத்துக்கொள்கிறேன். அங்கே பிலிம் பஞ்சம். பிலிமே இல்லாமல் படங்களை மேடையில் நடித்துப் பார்த்தார்கள். கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' (1916) படத்தைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். மோஸ்ஷூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கும், சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கும், பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமிக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அந்த முகத்தில் ஆழ்ந்த சிந்தனையையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் கண்டார்களாம். பட்டறை மாணவர் புதோவ்கின் எழுதிவைத்த விவரம் இது. அர்த்தம் ஷாட்டுக்குள் மட்டும் இல்லை, ஒட்டும் இடத்தில் பிறக்கிறது என்பது அவர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்தது. நம் பையனின் பொத்தானும் அதையேதான் செய்தது. அவர்கள் செய்வது தெரிந்து செய்தார்கள், இவனுக்கு என்ன செய்தோம் என்பதே தெரியாது. அவர்களிடம் பொருள் இல்லை, பேச்சு இருந்தது. நம்மிடம் பொருள் குவிந்து கிடக்கிறது.

இதைச் சொன்னால் பழைய காலப் புலம்பல் என்பார்கள். பழைய எடிட்டிங் அறையை நான் சொர்க்கமென்று சொல்லவில்லை. அங்கே உதவியாளனாக இருந்தவன் நான். டப்பா சுமப்பதும் டீ வாங்கி வருவதுமாக வருஷங்கள் போகும். உறவோ சிபாரிசோ இல்லாதவன் வாசலைத் தாண்ட முடியாது. பெண்களைப் பார்ப்பது அபூர்வம். விழுப்புரத்துப் பையனுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது. இன்று திறந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த அறையில் ஒன்று நடந்தது. மூவியோலாவில் வெட்டிய துண்டுக்கு நம்பர் எழுதி உதவியாளன் பத்திரப்படுத்துவான். மறுநாள் எடிட்டர், "நேற்று எடுத்த அந்த ஆறு பிரேமைக் கொண்டு வா" என்பார். ஆறு பிரேம் என்றால் கால் விநாடி. அதைத் திரும்ப ஒட்டி ஓட்டிப் பார்ப்பார். கால் விநாடி போனதும் வந்ததும் உதவியாளனின் கண்ணுக்கு முன்னால் நடந்தது. யாரும் விளக்கவில்லை, ஆனால் எதையோ தொலைத்து எதையோ மீட்டிருக்கிறார் என்பது அவனுக்குள் இறங்கியது. 'பராசக்தி'யை (1952) எடிட் செய்தவர் அதை இயக்கிய இரட்டையரில் ஒருவரான பஞ்சு. அந்தக் கிருஷ்ணன்-பஞ்சுவிடம் எடிட்டிங் உதவியாளராகத் தொடங்கியவர் பீம்சிங். பீம்சிங்கின் மகன் எடிட்டர் லெனின். ஒரு அறிவு கையிலிருந்து கைக்கு இப்படித்தான் போயிற்று. இன்று உதவியாளன் வேறு அறையில், வேறு நேரத்தில், தனியாக இருக்கிறான். எடிட்டர் தயங்குவதை அவன் பார்ப்பதே இல்லை. முடிவு மட்டும் அவனுக்கு வந்து சேர்கிறது.

பாடங்கள் அந்தத் தயக்கத்தைத் தந்திருக்கலாம். தரவில்லை. வால்டர் மர்ச் என்ற அமெரிக்க எடிட்டர் 1988-ல் சிட்னியில் ஓர் உரை நிகழ்த்தினார். பிறகு அது சிறு புத்தகமாயிற்று. ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல் வைத்தார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, லயத்துக்கு 10 என்று இறங்கிக்கொண்டே போய், இடத் தொடர்ச்சிக்கு 4. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது கீழிருந்து விட்டுக்கொடு, உணர்ச்சியை மட்டும் விட்டுவிடாதே என்பது அதன் சாரம். நம் பாடங்களில் இந்த எண்கள் வாய்ப்பாடு ஆகிவிட்டன. பையன்கள் ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்த கையோடு நான்கு சதவீதத்தைப் பளபளப்பாக்க உட்கார்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்குத்தான் பொத்தான் இருக்கிறது.

எடிட்டர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்றும் இல்லை. 2011-ல் ஆப்பிள் கம்பெனி ஃபைனல் கட் புரோவைத் தலைகீழாக மாற்றி வெளியிட்டபோது, பழைய வேலைகளை அதில் திறக்க முடியவில்லை என்று உலகமெங்கும் எடிட்டர்கள் கொதித்து மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நியாயமான கோபம், பிழைப்பின் கோபம். ஒரு கருவிக்காக எழுந்த அந்தக் கோபத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு வெட்டுக்காக எழுந்து நான் பார்த்ததில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு, சிறுபத்திரிகைக்காரர்களுக்கு. ஒரு கவிதையில் வரி எங்கே உடைகிறது என்று நான்கு பக்கம் சண்டை போடுவோம். சினிமா என்று வந்தால் கதையைச் சொல்லி, இயக்குநரின் பார்வையைச் சொல்லி, கடைசியில் "எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்திரி போட்டிருக்கலாம்" என்று முடிப்போம். தினசரிக்காரன் எழுதும் அதே வரி. எடிட்டிங் என்றால் நீளத்தைக் குறைப்பது என்று நாமும் நம்பினோம். அந்தப் பொத்தானைச் செய்தவனும் அதையேதான் நம்பினான்.

எனக்கு வேண்டியது பெரிய ஸ்தாபனம் அல்ல. ஒரு எடிட்டர் ஒரு காட்சியைக் கொண்டு வரட்டும். முதலில் வெட்டிய வடிவம், கடைசி வடிவம், இடையில் தூக்கி எறிந்தவை, எல்லாம். ஏன் என்று அவர் சொல்லட்டும். இருப்பவர்கள் மறுக்கட்டும். அதை யாராவது தமிழில் எழுதி அச்சிடட்டும். பத்து காட்சிகள் இப்படிச் சேர்ந்தால் அதுவே பள்ளிக்கூடம்.

அந்தப் பையன் பதினொரு விநாடியைத் திரும்பச் சேர்த்தான். பிறகு, "கேள்வியை எடுத்துடலாமா சார்? மௌனத்துலயே ஆரம்பிக்கலாம்" என்றான். எது வந்தது என்று பார்ப்பவனுக்குப் புரியாதே என்றேன். அடுத்த வாக்கியத்தில் அந்த அம்மாள் அந்தப் பணத்தைப் பற்றிச் சொல்கிறார், அதுவரை பார்ப்பவன் காத்திருக்கட்டும் என்றான். அவரைக் கேள்வியில்லாமல் அப்படி உட்கார வைப்பது நம் வசதிக்குச் செய்வது என்றேன். கேள்வியே நம் வசதிக்குக் கேட்டதுதானே என்றான். ஒரு மணி நேரம் ஆயிற்று. கேள்வி படத்தில் இருக்கிறது. அவன் சொன்னது தவறு என்று இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன்.