மடுவத்தில் பிறக்கும் கணக்கு

கினிகத்தேனைச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் தேயிலை லொறி ஒன்றாவது கண்ணில் படும். ஹட்டன், வட்டவளைப் பக்கத்துத் தேயிலை ஏ7 வீதி வழியே கித்துல்கலைக்கு இறங்கி, கொழும்பு போய்ச் சேர்கிறது. மூடைகள் சும்மா போவதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இன்வொய்ஸ் இலக்கம் உண்டு. எந்த ஆலை, என்ன தரம், எத்தனை கிலோ என்ற விவரமெல்லாம் தரகர் நிறுவனத்தின் கணினியில் ஏறி, ஏலப் பட்டியலாகி, கப்பல் பத்திரம் வரை தொடர்கிறது.

இந்த வசதி இலேசில் வந்துவிடவில்லை. 1883 ஜூலையில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 136 ஆண்டுகளுக்கு மேல் வாயால் விலை கூவியே நடந்தது. கணினிக்கு மாறலாமா என்று பேச்சு நடந்துகொண்டே இருந்தது. நீலகிரியின் குன்னூர் ஏலம் எப்போதோ மாறிவிட்டிருந்தது. கடைசியில் 2020இல் கொரோனா வந்து மண்டபத்தைப் பூட்டியதும், ஏப்ரலிலேயே கொழும்பு ஏலமும் இணையத்துக்குப் போனது. இத்தனை ஆண்டுப் பேச்சு சாதிக்காததைச் சில வாரங்களில் ஒரு நோய் சாதித்தது.

மென்பொருளால் கிடைக்கும் நன்மையை மறுக்க முடியாது. பறித்த கொழுந்து சூடேறிக் கன்றுவதற்குள் ஆலைக்குப் போக வேண்டும். எந்த மலையில் எவ்வளவு கொழுந்து, லொறி எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், வாட்டும் தொட்டிகளையும் இரவு வேலைக்கு ஆட்களையும் தயார்செய்யலாம். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும் என்பதால் சிறு பிழையும் பெரிய நட்டம். 

ஆனால் கணினி தானாக எதையும் அறியாது. ஊட்டியதைத்தான் திருப்பிச் சொல்லும். உதாரணமாக, நைக்கி நிறுவனம் பெருஞ்செலவில் வாங்கிய மென்பொருள் தேவையைத் தப்பாகக் கணித்து, விலைபோகாத சப்பாத்துகளைக் குவித்து, விலைபோகும் சப்பாத்துகளுக்குத் தட்டுப்பாட்டை உண்டாக்கியது. 2001இல் சுமார் 10 கோடி டொலர் விற்பனை கைநழுவியது.

தேயிலைக் கணக்கு பிறப்பது கொழும்பில் அல்ல, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். அங்கே தராசு முன் நிற்கும் பெண்ணின் கூடைக்கு இவ்வளவு, மழைத் தண்ணீருக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பது தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஓயாத சண்டை. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மழை நனைக்காத கொழுந்தைக் காண்பதே அபூர்வம். கிலோ குறைந்தால் அரைப்பேர். ஒரு முழு நாள் வேலை பாதியாகிவிடும்.

இப்போது சில கம்பனிகள் மலைக்கே டிஜிட்டல் தராசு கொண்டுவந்துள்ளன. நல்லதுதான். ஆனால் கழித்தபின் மிஞ்சிய எடை மட்டும் பதிவானால், செக்றோல் என்ற பழைய பதிவேட்டுக்கும் புதிய திரைக்கும் என்ன வித்தியாசம்? நிறுத்த எடை, கழித்த எடை, கழித்த காரணம் மூன்றும் தனித்தனியே பதிவாக வேண்டும். கணக்கப்பிள்ளை பார்க்கும் எண்ணைக் கொழுந்து பறித்தவரும் பார்க்க வேண்டும். ஏலத்தில் வாங்குபவர் வெளிநாட்டு வியாபாரிக்காக ஒவ்வொரு மூடையின் பூர்வீகத்தையும் கேட்கலாம். அந்த மூடைக்கான கொழுந்தைப் பறித்தவர் தன் கிலோவைக் கேட்கக் கூடாதா?

சிறுதோட்ட உரிமையாளர் நிலையும் இதற்குத் தூரமில்லை. இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி அவர்களுடையது. நியாய விலைச் சூத்திரப்படி விற்பனை வருமானத்தில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 சதவீதம் ஆலைக்கு. சதவீதம் துல்லியம்தான். கொழுந்து லொறிக்காரரின் தராசில் இரண்டு கிலோ குறைந்தால், அந்த 68ஐ எதன் மேல் கணக்கிடுவது?

எடையை இப்படிக் கொழுந்து தருபவருக்கும் காட்டுவதற்குச் செலவு கட்டாது என்று கம்பனிகள் சொல்லக்கூடும். சிக்னல் கிடைக்கும் மலைகளில் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போதும். கிடைக்காத இடத்தில் மடுவத்திலேயே ஒரு துண்டு அச்சடித்துக் கொடுக்கலாம். அதற்குத் தேவையான இயந்திரம், பஸ் கொண்டக்டர் கையில் வைத்து டிக்கெட் அடிக்கும் இயந்திரத்தின் அளவுதான் இருக்கும்.