வேலியா, விளக்கா?

பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அடிக்கடி எழுகிறது. வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? நாமும் அதைத்தான் கேட்கிறோம். ஆனால், இக்குரலை எழுப்பும் கனவான்கள் அடுத்த மூச்சிலேயே கேட்பவை யாவை? உயர்ந்த வேலி, பூட்டிய கதவு, நுழைவுக் கட்டணம், தடியேந்திய காவலர். யாரிடமிருந்து யாரைக் காப்பதற்கு என்று கேட்டால் மட்டும் அவர்கள் மௌனியாகி விடுகிறார்கள்.

பலாபத்வல என்னும் மலையடிவாரச் சிற்றூரில் இருப்பவர்களுக்கு நகரத்துப் பூங்காவைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகளில் பலர் பள்ளிச் சுற்றுலாவின்போது, மாத்தளையையும் கண்டியையும் கடந்து சென்று, முதன்முதலாகக் கடலைக் காண்பது கொழும்புக் காலிமுகத் திடலிலேதான். அது மட்டுமன்று. பொதுநிலம் பறிபோன கதையை நன்கறிந்தது இந்த மாத்தளை மண்.

1840ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியினர் ஒரு சட்டம் கொண்டு வந்தனர். உரிமைப் பத்திரம் காட்ட இயலாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றது அது. கிராமத்தார் விறகொடித்த காடும், மாடு மேய்த்த வெளியும், சேனை செய்த சரிவும் கோப்பித் துரைமாருக்குப் போயின. அடுத்த ஆண்டே, 1841இல், இன்னொரு சட்டம் வந்தது: அலைந்து திரிவோர் சட்டம். முதலில் நிலத்தைப் பறி. பிறகு நிலமின்றி அலைபவனைக் குற்றவாளியாக்கு! இந்த இரண்டு சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவனுக்கு வேறு அரசியற் பாடம் தேவையில்லை. 1848இல் மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வீர புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், மன்னாரில் கரையேறி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் பேதியாலும் எத்தனையோ பேர் அந்த நெடுவழியிலேயே மடிந்தார்கள். 2023இல் அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. கோப்பித் தோட்டத்தின் எல்லையைக் காக்கச் சட்டமும் சிப்பாயும் இருந்த நாட்டில், அத்தோட்டத்துக்கு உழைக்க வந்தவனின் உயிரைக் காக்கப் போதிய தண்ணீரும் தங்குமிடமும் இருக்கவில்லை. சொத்துக்கு ஒரு பாதுகாப்பு, உயிருக்கு ஒரு பாதுகாப்பு என இரண்டு உண்டு என்பதையும், ஆள்வோர் எதை முதலில் தேர்ந்தெடுப்பார்கள் என்பதையும் அந்தப் பாதை நமக்குக் கற்பித்தது.

1841ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் பல்லாண்டுகள் பொலிசாரின் கையில் இருந்தது. ஏழைப் பெண்ணும், வீடற்றவனும், பூங்கா வாங்கில் அமர்ந்த காதலர்களும் அதன் பெயரால் விரட்டப்பட்டனர். பாதுகாப்புக் கேட்க வேண்டியவர்களே சந்தேகத்துக்கு ஆளானவர்களாயினர்!

காலிமுகத் திடலையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நடைபாதை 1859இல் நிறைவுற்றபோது, அதனைக் கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலன் கருதிப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டிக் கல்லில் எழுதி வைத்தார் தேசாதிபதி ஹென்றி வார்ட். பின்வந்தோர் பேணிய விதம் என்ன? 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அங்கே அமைதியாகச் சத்தியாக்கிரகம் செய்தவர்களைக் காடையர் தாக்கினர், பொலிசார் பார்த்திருந்தனர். 2022 மே 9ஆம் திகதி, அதே திடலில் அறப்போர் நடத்திய இளைஞரை அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட கூட்டம் தாக்கியது. தடுக்க வேண்டிய வேளையில் தடுக்கப்படவில்லை. ஜூலை 22ஆம் திகதி விடியுமுன் இராணுவமே வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. அன்று அத்திடலில் காவலுக்கு ஆளில்லாமலா போயிற்று? ஆளிருந்தது. மக்களைக் காக்கும் நோக்கமே இருக்கவில்லை.

அப்படியானால் காவலரே வேண்டாமா, கள்வருக்கும் காமுகருக்கும் திடலைத் திறந்து விடுவதா என்று கேட்பார்கள். வேண்டும், மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட காவலர் வேண்டும். ஆனால் தடியால் காக்க முடியாத உயிர்கள் எத்தனை! 2024 அக்டோபர் 6ஆம் திகதி சென்னை மெரினாக் கடற்கரையில் விமான சாகசங் காணத் திரண்ட பெருங்கூட்டத்தில் ஐவர் மாண்டனர். அவர்களை எந்தக் காடையனும் கொல்லவில்லை; வெயில் கொன்றது. அத்தகைய நாளில் நிழலும், குடிதண்ணீரும், வைத்தியரும், கூட்டம் கலைந்து செல்ல வழியுமே பாதுகாப்பு.

கடலும் அப்படியே. நம் நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். அலை உடையும் இரண்டு இடங்களுக்கு நடுவே அமைதியாகத் தோன்றும் நீரே, பல வேளைகளில், ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டமாக இருக்கும். அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துபவன் களைத்து அமிழ்ந்து போவான். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதிலிருந்து விடுபடலாம். இந்தச் சிறு அறிவை மலைநாட்டுப் பிள்ளைக்கு எந்த வேலி கற்பிக்கும்? சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய எச்சரிக்கைப் பலகையும், பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரும், பள்ளியில் நீச்சற் பயிற்சியுமே கற்பிக்கும்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. அந்திக்குப் பின்னும் எரியும் விளக்கு, பெண்கள் அஞ்சாமல் நுழையக்கூடிய கழிப்பிடம், குடிதண்ணீர், கரையில் உயிர்காப்பாளர், கட்டணமில்லா வாயில். மாலையில் கடலை விற்பவரும், பந்தாடும் சிறுவரும், காற்று வாங்கும் முதியவரும் நிறைந்த திடலில் தீயவன் கைநீட்டத் தயங்குவான். கட்டணம் வைத்து அவர்களை வெளியேற்றினால், வெறிச்சோடிய இடத்துக்கு எத்தனை காவலர் வந்தாலும் போதாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண்ணை ஒருவன் கேலி செய்யும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோமானால், 1956இல் பார்த்திருந்தவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? பொதுவிடம் நம்முடையது என்று உரிமை பேசுகிறவர்கள் அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் பொறுப்பேற்கவும் வேண்டும். அடுத்த சுற்றுலா பஸ் புறப்படுமுன் இதைப் பிள்ளைகளோடு பேசுவோம். கடலைக் காணப் போகும் அவர்கள் அனைவரும் நலமாய் வீடு திரும்பும் நாடே நாம் வேண்டும் நாடு.