ஏறக் கூடாத படிகள்

நான்கு பக்கமும் படிகள். பக்கத்துக்கு 91 படிகள். உச்சியில் உள்ள மேடையையும் ஒரு படியாகச் சேர்த்தால் மொத்தம் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி!

இந்த அதிசயக் கோவில் மெக்சிகோ நாட்டில், யுகட்டான் மாநிலத்தில் இருக்கிறது. அது நிற்கும் பழைய நகரத்தின் பெயர் சிச்சென் இட்சா. கோவிலின் உயரம் சுமார் 100 அடி. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாயா இன மக்கள் இதைக் கட்டினார்கள். அவர்களிடம் இரும்புக் கருவி இல்லை. பாரம் இழுக்க மாடும் இல்லை, குதிரையும் இல்லை. எல்லாம் மனிதக் கைகள் செய்த வேலை.

இறங்கி வரும் பாம்பு

மார்ச்சு மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் பகலும் இரவும் சமமாகும் நாள் வரும். அன்று மாலை வெயில் சாயும்போது, வடக்குப் படிக்கட்டின் ஓரத்தில் ஒளியும் நிழலும் மாறி மாறி விழும். பார்ப்பவர்களுக்கு ஒரு பெரிய பாம்பு நெளிந்து இறங்குவதுபோல் தோன்றும். படிக்கட்டின் அடியில் கல்லில் செதுக்கிய பாம்புத் தலை இருக்கிறது. நிழல் உடல் அந்தத் தலையோடு சேர்ந்துகொள்ளும்! அதுதான் இறகு முளைத்த பாம்புக் கடவுளான குக்குல்கான்.

இந்தக் காட்சியைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஆனால் யாரும் படியில் கால் வைக்கக் கூடாது.

ஏன் இந்தத் தடை?

முன்பு எல்லோரும் உச்சிவரை ஏறினார்கள். படிகள் செங்குத்தானவை. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மூதாட்டி தவறி விழுந்து இறந்தார். அதன் பிறகு ஏறுவது தடுக்கப்பட்டது.

வேறு காரணமும் உண்டு. கோவில் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வரும் இடம் இது. அத்தனை கால்களும் மிதித்தால் படிகள் என்ன ஆகும்?

தடையை மீறுகிறவர்களும் உண்டு. 2025 மார்ச்சு மாதம், நிழல் பாம்பு இறங்கும் திருநாளில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் காவலை ஏமாற்றி ஏறிவிட்டார். இறங்கியதும் கூட்டத்தினர் ஆத்திரத்தில் அவரை அடித்தார்கள். அடித்தது சரியல்ல. ஆனால் ‘இது எங்கள் கோவில்’ என்ற உணர்ச்சி எவ்வளவு ஆழமானது என்பது அதில் தெரிகிறது.

யாருடைய சொத்து?

உண்மையில் இது யாருடையது? இந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு.

சிச்சென் இட்சா என்றால் ‘இட்சா மக்களின் கிணற்று வாய்’ என்று பொருள். யுகட்டானின் வட பகுதியில் தரைமேல் ஆறுகள் ஓடுவதில்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பூமிக்கு அடியில் ஓடுகிறது. பாறை இடிந்து விழுந்த இடங்களில் இயற்கையாகக் கிணறுகள் உண்டாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பெரிய கிணற்றைப் புனிதமாகக் கருதி, மாயா மக்கள் அதில் காணிக்கைகளைப் போட்டார்கள். மனிதர்களைப் பலி கொடுத்ததும் உண்டு.

1894-ஆம் ஆண்டில் எட்வர்டு தாம்சன் என்ற அமெரிக்கர் இந்த இடம் அடங்கிய பண்ணையையே விலைக்கு வாங்கினார். கிணற்றைத் தூர்வாரி, தங்கம், பச்சைக்கல், செம்பு முதலிய பொருள்களை எடுத்தார். அவை அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொருட்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. பிற்காலத்தில் ஒரு பகுதிதான் மெக்சிகோவுக்குத் திரும்பி வந்தது.

கோவில் நாட்டின் சொத்து. அது நிற்கும் நிலமோ தனியார் சொத்து! இந்த விசித்திர நிலைமை 2010 வரை நீடித்தது. அந்த ஆண்டில்தான் யுகட்டான் மாநில அரசாங்கம் நிலத்தை விலை கொடுத்து வாங்கியது.

வாரிசுகள் எங்கே?

மாயா மக்கள் மறைந்து போனார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மறைந்தது பழைய நகரங்களின் ஆட்சிதான். மக்கள் மறையவில்லை. யுகட்டான் வட்டாரத்தின் மாயா மொழியைப் பேசுவோர் மட்டும் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மெக்சிகோவில் 7 லட்சத்துக்கும் அதிகம்.

அவர்களில் பலர் பிஸ்தே முதலிய பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள். மர முகமூடி, பூ வேலை செய்த துணி, சிறு சிற்பம் ஆகியவற்றைக் கோவில் வளாகத்துக்குள் விற்றுப் பிழைக்கிறார்கள். புராதனச் சின்னங்களைக் காக்கும் அதிகாரிகள் ‘உள்ளே கடை போடக் கூடாது’ என்கிறார்கள். ‘எங்கள் முன்னோர் கட்டிய இடத்தில் நாங்கள் பிழைக்கக் கூடாதா?’ என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். நுழைவுக் கட்டணத்தை மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் பங்கிட்டுக்கொள்கின்றன. வியாபாரிகளுக்கோ அன்றன்றைய விற்பனைதான் சோறு.

புதிய ரெயில்

2023 டிசம்பரில் ‘மாயா ரெயில்’ ஓடத் தொடங்கியது. ஐந்து மாநிலங்களைச் சுற்றி வரும் இதன் பாதை சுமார் 1,500 கிலோ மீட்டர். சிச்சென் இட்சாவுக்கும் நிலையம் உண்டு. ஏழைத் தென்பகுதிக்கு இது வேலை தரும் என்கிறது அரசாங்கம். பாதை தோண்டியபோது பழைய கட்டடங்களின் தடயங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

ஆனால் லட்சக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. சில இடங்களில் குகைகளைத் துளைத்துத் தூண்கள் இறக்கப்பட்டன. அந்தக் குகைகளில் ஓடுவதுதான் மக்கள் குடிக்கும் தண்ணீர்!

பயணிகள் வரட்டும், வந்தால்தான் நாலு பேருக்குப் பிழைப்பு. ஆனால் வரும் பணத்தில் பக்கத்து ஊருக்கு நியாயமான பங்கு வேண்டும். தண்ணீரும் காடும் பத்திரமாக இருக்க வேண்டும். கோவிலின் படிகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளைக் காக்கவும் ஒரு சட்டம் வர வேண்டாமா?