நிறம் நீக்கும் பொறுப்பு யாருடையது?

கறுப்பு வெள்ளை ஒளிப்படம் கழிந்த காலத்துப் பொருள் என்று எண்ணுவோர் பலர். கைப்பேசியிலும் டிஜிட்டல் காமிராவிலும் எடுக்கும் படங்கள் இன்று வண்ணப் படங்களாகவே பிறக்கின்றன. ஆயினும் களப் பணியாளர் அனுப்பும் அறிக்கையும், உழவர்க்கு வழங்கும் துண்டு வெளியீடும், பள்ளி வினாத்தாளும் பெரும்பாலும் ஒரே மையில்தான் அச்சாகின்றன. வண்ணத்திற் பிறந்த படம் இடையில் எங்கோ ஓரிடத்தில் தன் நிறத்தை இழந்துவிடுகின்றது. அவ்விடத்தில் இருந்து அதனைச் செய்பவர் யார்? பெரும்பாலும் எவரும் இல்லை. நகலெடுக்கும் எந்திரமோ, கணிப்பொறியோ அம்முடிவைத் தானே செய்துவிடுகின்றது. அறிவியற் பணிக்குரிய படங்களில் இவ்வழக்கம் தொடர்தல் தகாது என்பதே என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவேன்.

முதலில், படத்தில் நிறம் எவ்வாறு அமைகின்றது என்பதைக் காண்போம். காமிராவினுள் இருக்கும் ஒளியுணரி வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. ஆதலின் அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒரு நிற வடிகட்டி பொருத்தப்படுகின்றது. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சையும், ஒரு சிவப்பும், ஒரு நீலமும் உள்ளன. இன்றும் மிகப் பல காமிராக்கள் இம்முறையையோ, இதன் வழிவந்த முறைகளையோ பின்பற்றுகின்றன. புள்ளிதோறும் இல்லாத மற்ற இரு நிறங்களின் அளவுகளை அண்டைப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்புவர். முடிவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை அமையும் மூன்று எண்கள் கிடைக்கின்றன. இங்ஙனம் நாம் காணும் ஒரு வண்ணப் படம், உண்மையில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் அடுக்கேயாம். இவற்றைச் சேனல்கள் என்பர்.

நிறம் நீக்குதல் என்பது இம்மூன்று எண்களை ஓர் எண்ணாகச் சுருக்குதலே. பெரிதும் வழங்கும் கணக்கு ஒன்றில், சிவப்பின் அளவை 0.299 ஆலும், பச்சையின் அளவை 0.587 ஆலும், நீலத்தின் அளவை 0.114 ஆலும் பெருக்கிக் கூட்டுவர். மனிதக் கண் பச்சையொளியை மிகுதியாகவும், நீலவொளியைக் குறைவாகவும் உணர்வதால் இவ்வெண்கள் அமைந்தன. இது தொலைக்காட்சித் துறையில் எழுந்த கணக்கு. கண்ணுக்குத் தோன்றும் வெளிச்சத்தைக் காப்பது இதன் நோக்கம். இலையில் விழுந்த நோயை எடுத்துக்காட்டுதல் இதன் நோக்கமன்று.

இதனால் விளையும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் இலையின் பச்சைப் பரப்பில் சிவப்பு 70, பச்சை 120, நீலம் 50 எனக் கொள்க. அதன்மேல் உள்ள செம்பழுப்புப் புள்ளியில் சிவப்பு 170, பச்சை 70, நீலம் 45 எனக் கொள்க. கண்ணுக்கு இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை. மேற்கூறிய கணக்கின்படி பெருக்கிக் கூட்டிப் பார்ப்பின், இலைக்கும் 97, புள்ளிக்கும் 97. நோய் மறைந்துவிடுகின்றது, குற்றமற்ற சாம்பல் நிற இலையொன்றே தாளில் எஞ்சுகின்றது. அதன் கீழே நோயின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம் வயலில் ஒப்பிட்டுப் பார்க்கும் உழவர் என் செய்வார்? வேண்டாத மருந்தைத் தெளித்தலும், வேண்டிய மருந்தைக் காலந்தாழ்த்தலும் இரண்டும் நேரலாம்.

பள்ளியிலும் இவ்வாறே. சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் உள்ள வரைபடத்தை நகலெடுத்து வினாத்தாளில் இட்டால், மாணவன் எக்கோட்டைக் கண்டு விடையெழுதுவான்? அவன் இழக்கும் மதிப்பெண் அவன் அறியாமையால் இழந்ததன்று.

பிலிம் வழங்கிய காலத்து ஒளிப்படக் கலைஞர்க்கு இவ்வுண்மை நன்கு தெரியும். தொடக்க காலத் தகடுகள் நீலம், ஊதா ஒளிகளையே பெரிதும் உணர்ந்தன. சிவப்புப் பொருள் அவற்றிற் கறுப்பாகவே விழுந்தது. 1873-இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் ஜெர்மானிய அறிஞர், தகட்டிற் சாயப் பொருள் கலப்பின் அது பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டார். பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் பிலிம்கள் வந்தன. அப்போதும் கலைஞர் வாளாவிருந்தாரில்லை. வெண்முகில் தெளிவுற வேண்டின், சிவப்புக் கண்ணாடியை வில்லையின் முன் வைத்து நீல வானத்தைக் கருமையாக்கினர். படம் எடுக்குமுன்பே, எந்நிறம் எச்சாம்பலாக வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டிய நிலை அவர்க்கு இருந்தது. டிஜிட்டல் முறையோ அம்முடிவைப் பின்னர், மேசையில் அமர்ந்து, பலமுறை மாற்றிப் பார்த்துச் செய்யும் வசதியை நமக்குத் தந்துள்ளது. வசதி பெருகிய காலத்தில் ஆராய்ச்சி குறைந்து போனமை வருந்தத்தக்கது.

மேற்கண்ட இலையையே மீண்டும் நோக்குவோம். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால், இலை 70, புள்ளி 170. வேறுபாடு மிகப் பெரிது. ஆயின் அதிற் புள்ளி வெளுத்துத் தோன்றும். காண்பவர் அதனைச் சாம்பல் நோய் என மயங்கக்கூடும். பச்சைச் சேனலில் இலை 120, புள்ளி 70; வேறுபாடு அதனினும் குறைவே. ஆயினும் புள்ளி கருமையாய், வயலிற் கண்டவாறே தோன்றும். ஆகவே பச்சைச் சேனலைக் கொள்வதே இங்கு அறிவுடைமை. எண்ணை மட்டும் நோக்கின் இம்முடிவு கிட்டாது. வயலை நேரிற் கண்டவரே இதனைச் செய்ய இயலும்.

பிற பணிகளுக்கும் இது பொருந்தும். பழைய பதிவேட்டில் மஞ்சட்பழுப்புக் கறை படிந்து கரிய எழுத்தை மறைப்பின், சிவப்புச் சேனலிற் கறை வெளிறி, எழுத்து மேலெழும். வெள்ளைத் தாளில் மங்கிய மஞ்சள் அடையாளத்தைக் காண வேண்டின், நீலச் சேனலில் அது கருமையாகும். ஆயினும் நீலச் சேனலிற் பொதுவாகக் குருணை மிகுதி; சுருக்கிச் சேமித்த படமாயின் கட்டம் கட்டமாகவும் தெரியும். கிம்ப், இமேஜ் ஜே ஆகிய இலவச மென்பொருள்களில் சேனல்களைத் தனித்தனியே பிரித்துக் காணலாம். பொருட்செலவு ஏதுமில்லை.

சேனலைத் தேர்ந்தெடுத்தல் படத்தைத் திரித்தலாகாதோ என்று சிலர் ஐயுறுவர். நேர்மையான ஐயமே. ஆனால் எந்திரம் தானே செய்யும் கணக்கும் ஒரு தேர்வேயன்றோ? எவரோ முன்னரே தேர்ந்து வைத்ததை ஆராயாது ஏற்பதால் மட்டும் அது நடுநிலை ஆகிவிடாது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தொட்டுக் கருமையாக்குதல் திரிபு. படம் முழுமைக்கும் ஒரே விதியைச் செலுத்தி, அவ்விதியைப் படத்தின் கீழே எழுதிவிடுதல் திரிபாகாது. பிறமொழிக் கட்டுரைகளைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது புதிதன்று. மூலத்தில் உள்ள அனைத்தும் மொழிபெயர்ப்பில் வாரா. எது வரவேண்டும் என்பதைப் பொருளுணர்ந்தவர் தீர்மானித்தல் வேண்டும். மூலமும் கைவசம் இருத்தல் வேண்டும்.

நிறம் நீக்கவே கூடாத படங்களும் உண்டு. நெற்பயிருக்குத் தழைச்சத்து இடும் அளவை அறிய உதவும் இலை வண்ண அட்டையைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுதல் வீண். துங்ரோ நோயில் இலை மஞ்சளாதலும், தழைச்சத்துக் குறைவால் முதிர்ந்த இலைகள் மஞ்சளாதலும் நிறத்தாலேயே பெரிதும் அறியப்படுவன. அவ்விடங்களில் வண்ண அச்சுக்குப் பணம் இல்லையெனின், படத்தை விடுத்துத் தெளிவான சொற்களால் விளக்குதலே நன்று. குலைநோயின் கதிர்வடிவப் புள்ளி போன்று வடிவத்தால் அறியப்படுவன சாம்பல் நிறத்திலும் தம் அடையாளத்தைப் பெரும்பாலும் இழப்பதில்லை.

ஆகவே களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் நான் வேண்டிக்கொள்வன நான்கு. வண்ண மூலப்படத்தை அழியாது காத்தல் வேண்டும். மூன்று சேனல்களையும் பார்த்து, காட்ட வேண்டியதைக் காட்டும் ஒன்றையோ, அவற்றின் கலவையையோ தேர்தல் வேண்டும். தேர்ந்ததைப் படக்குறிப்பில் ஒரு வரியில் எழுதுதல் வேண்டும். அச்சுக்கு அனுப்புமுன், அப்பொருளை நேரிற் காணாத ஒருவரிடம் நகலைக் காட்டி, அவர் காண்பதைக் கூறச் சொல்லுதல் வேண்டும்.

இதனை மாணவர்க்கு விளக்குதலும் எளிது. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றின் வழியே செம்பருத்திச் செடியை நோக்கச் செய்க. இலை கருத்து, பூ வெளுத்துத் தோன்றும். பச்சைத் தாளின் வழியே நோக்கின் பூ கருத்துவிடும். ஒரே செடி இரு வேறு படங்களாவதைக் கண்ட மாணவன், பின்னாளில் தான் எடுக்கும் படத்தின் நிறத்தை நீக்குமுன் சற்றே நின்று எண்ணுவான்.