நடராஜருக்கு செர்ன் சர்டிபிகேட் எதுக்கு?

மறுபடியும் அந்த பார்வர்டு வந்துடுச்சு மக்களே. நடராஜர் சிலைக்குள்ள அணு ரகசியம் இருக்காம், வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டானாம். ஆதாரம்? ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வக வளாகத்துல நடராஜர் நிக்கறார்!

நிக்கறார், சரி. எப்படிப் போனார்? 2004-ல இந்திய அரசு கொடுத்த பரிசு அது, 2 மீட்டர் உயரச் சிலை. நாமளே கொண்டுபோய்க் கொடுத்துட்டு "பாத்தியா, அவனே வெச்சிருக்கான்"னு மார்தட்டறது என்ன நியாயம்?

1918-ல ஆனந்த குமாரசாமியோட 'சிவ நடனம்' தொகுப்பு வந்து, ஆங்கிலம் படிக்கறவங்ககிட்ட நடராஜர் தத்துவத்தைப் பரவலாக் கொண்டுபோச்சு. 1975-ல இயற்பியலாளர் காப்ரா, துகள்களோட ஆட்டத்தை சிவனோட ஆட்டத்தோட ஒப்பிட்டு எழுதினார். அழகான உவமை. ஆனா உவமை நிரூபணம் ஆகாது சாமி! இது தெரியாம நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம்?

சரி, நிஜக் கதை என்ன? ஆடற சிவன் பாதாமி குகையில 6ஆம் நூற்றாண்டுலயே 18 கையோட இருக்கார். ஆனா முயலகனை மிதிச்சு, ஒரு காலைத் தூக்கி, தீச்சுடர் திருவாசிக்குள்ள ஆடற செப்புத் திருமேனி சோழநாட்டுல நிலைபெற்ற வடிவம். 10ஆம் நூற்றாண்டுல செம்பியன் மாதேவி எடுத்த கோனேரிராஜபுரம் மாதிரியான கற்கோயில்கள்ல, கோஷ்டத்துலயும் நடராஜர் இடம்பிடிக்கறார்.

பீடத்துல ஓட்டையும் வளையமும் பாத்திருப்பீங்க. கம்பு செருகித் தூக்கறதுக்கு. பெரும்பாலான கோயில்ல மூலவர் கருவறையை விட்டு வரமாட்டார். தெருவுக்கு வர்றது இந்த உலோகத் திருமேனிதான். மெழுகுல செஞ்சு, மேல மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேத்தி, உலோகம் ஊத்தி, அச்சை உடைச்சு எடுக்கணும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். காப்பி பேஸ்ட் கிடையாது :-)

அர்த்தத்துக்கும் செர்ன் வரைக்கும் போக வேணாம். 13ஆம் நூற்றாண்டு 'உண்மை விளக்கம்' தெளிவாச் சொல்லுது: உடுக்கை படைக்குது, அமைந்த கை காக்குது, தீ அழிக்குது, ஊன்றின கால் மறைக்குது, தூக்கின கால் முக்தி தருது. அணு பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதனால ஏதாவது குறைஞ்சுதா?

என் கோபம் வேற. நாம அணு பார்வர்டு அனுப்பிட்டிருந்தப்ப, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில்லேர்ந்து நடராஜரையே தூக்கிட்டாங்க. 2008-ல ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்குச்சு. 2014-ல திரும்பி வந்துச்சு. எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல பழைய போட்டோ இருந்துச்சு. சிலையைக் காப்பாத்தினது குவாண்டம் பெருமை இல்லீங்க, ஒழுங்கான டாக்குமெண்டேஷன்!

அதனால அடுத்த தடவை பார்வர்டு வந்தா, அனுப்பினவரை ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அண்ணே, உங்க ஊர்க் கோயில்ல எத்தனை செப்புத் திருமேனி இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் போட்டோ, அளவு பதிவாயிருக்கா?" அதுக்கு பதில் சொல்லிட்டு அணுவுக்கு வரட்டும்.