பழைய கேசட் இருக்கிறதா?

"எப்ப டாக்டராகப் போற?"

பண்டமாரான் சந்தையில் மீன் வெட்டித் தரும் அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார். நான் மருத்துவம் படிப்பதாக அவர் நினைப்பு. ஊசி போடுகிற டாக்டர் இல்லை அண்ணே, தொடர்பியலில் முனைவர் பட்டம் என்று விளக்கினேன். "அதான் ரேடியோவிலே பேசுறியே, அதுக்கு மேல என்ன படிப்பு?" என்றார். பதில் தெரியாமல் கெம்போங் மீனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

நியாயமான கேள்விதான். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறி அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகிற பகுதிநேர மாணவி நான். முழுநேரமாகப் படித்தால் மூன்று ஆண்டு என்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஐந்தோ ஆறோ ஆகும். ஆய்வு முன்மொழிவு, களப்பணி, ஆய்விதழ்க் கட்டுரை, ஆய்வேடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. கட்டணத்தைப் பற்றி அம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

என் தலைப்பு, மலேசியத் தமிழ் வானொலியும் அதன் நேயர்களும். முன்மொழிவின் முதல் வரியே, "வானொலி நம் தமிழ்க் குடும்பங்களில் ஓர் உறுப்பினர்" என்று எழுதியிருந்தேன். ஒலிவாங்கி முன் சொன்னால் பத்து அழைப்பு வரும். மேற்பார்வையாளர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு "ஆதாரம்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரிந்ததுதானே, பேராசிரியர்?"

"தெரிந்ததை ஏன் ஆய்வு செய்கிறீர்கள்?"

அன்று ரயிலில் வீடு திரும்பும்வரை கோபம் தீரவில்லை. அப்புறம்தான் ஹெர்டா ஹெர்சாக்கைப் படித்தேன். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பகல்நேர வானொலித் தொடர்களைக் கேட்ட பெண்களிடம் நேராகப் போய், "இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று விசாரித்தவர். மனம்விட்டு அழ ஒரு வாய்ப்பு, கொஞ்சம் கனவு, வாழ்க்கைச் சிக்கலுக்கு யோசனை. இப்படித்தான் பதில்கள் வந்தன. வீட்டு வேலைக்கு நடுவே வானொலி கேட்கிறவர்களை அறிவாளிகள் கேலி செய்த காலத்தில், அவர்களை உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எனக்கு அழைக்கும் அக்காக்களிடம் பாட்டும் ஊரும் தவிர நான் வேறென்ன கேட்டிருக்கிறேன்?

ஆனால் பழைய ஒலிகளுக்கு எங்கே போவது? கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் போருக்கு முந்தைய இதழ்களை, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் புண்ணியத்தில் என் படுக்கையறையிலிருந்தே படிக்கிறேன். 1924-இல் பிறந்த தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. என்றாலும் காகிதம் எங்காவது ஓர் அலமாரியில் மிஞ்சுகிறது. குரல் அப்படியில்லை. 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கிய காலத்திலிருந்தே இந்த நாட்டு அலைகளில் தமிழ் ஒலிக்கிறது. நான் தேடுகிற 1980-களின் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி ஒன்று மட்டும் இதுவரை அகப்படவில்லை. யாரைக் குறை சொல்ல? என் முதல் நிகழ்ச்சியின் பதிவே என்னிடம் இல்லை!

இன்னொரு சங்கடம், மொழி. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழிலேயே ஆய்வேடு எழுத முடியும். நான் சேர்ந்தது தொடர்பியல் துறை, ஆங்கிலத்தில் எழுதுகிறேன். "உன் குரலு கேட்டாத்தான் எனக்கு உலை கொதிக்கும் பாப்பா" என்று காப்பார் பாட்டி ஒருவர் சொன்னதை ஆங்கிலமாக்கினேன். 'வானொலி கேட்பது அவரது அன்றாட வழக்கம்' என்று வந்து நின்றது. பாட்டியும் இல்லை, உலையும் இல்லை. இப்போது தமிழ் வாக்கியத்தையும் அப்படியே ஆய்வேட்டில் வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். அதற்கே இரண்டு மாதம்.

போன ஞாயிறு மீன்கார அண்ணனிடம் இதையெல்லாம் புலம்பினேன். கத்தியைக் கீழே வைத்தார். அவருடைய அம்மா ரேடியோ பெட்டி பக்கத்தில் டேப்பை வைத்து, பிள்ளைகள் பெயர் வாழ்த்தில் வரும்போதெல்லாம் பதிவு செய்வாராம். பிஸ்கட் டின் நிறைய கேசட்டாம். "பூஞ்சை பிடிச்சிருக்கும். வேணுமா?"

அடுத்த வாரம் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டின் இருந்தால், தயவுசெய்து தூக்கி எறிவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலை செய்கிற கேசட் பிளேயர் ஒன்றும் தேவைப்படுகிறது.