விருந்தாளிகள் கிளம்பும் நேரம்

மலேசியாவில் வசந்த காலம் ஏது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மாசி பிறந்ததும் ஒருமுறை கோலசிலாங்கூர் பக்கம் போய்ப் பாருங்கள். நமக்கு வெயிலையும் மழையையும் விட்டால் வேறு பருவம் கிடையாது. ஆனால் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சேற்றைக் கிளறி மேயும் பறவைகளுக்கு, வடக்கே பனி உருகும் காலம் நெருங்குவது உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் சைபீரியா போன்ற குளிர்ப் பிரதேசங்களிலிருந்து வந்து இறங்கியவை இவை. பவளக்காலி, கோட்டான், மூக்கன், உள்ளான், உப்புக்கொத்தி என்று தமிழிலேயே அழகான பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் கோடியக்கரைக்கு வலசை போகும் கூட்டமும் இதே இனங்கள்தாம். இங்கே இருக்கும் மாதங்களில் எல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலத் தெரியும். மார்ச்சில் பாருங்கள்: சில வகை உப்புக்கொத்திகளின் மார்பில் செம்மை ஏறும், முகத்தில் கறுப்புப் பட்டை தெளியும். கல்யாணத்துக்குக் கிளம்பும் உடுப்பு அது.

உடுப்பைவிட முக்கியம், உடம்பில் சேரும் கொழுப்பு. பயணத்துக்கு அதுதான் பெட்ரோல். 2022இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கன், 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் தஸ்மானியாவை அடைந்தது. அப்போது அதற்கு வயது ஐந்து மாதம்!

நம் கரையிலிருந்து வடக்கே போகும் பறவைகளில் பலவும் நடுவழியில் மஞ்சள் கடலோரம் இறங்கி இரை தேடுகின்றன. அந்தச் சேற்றுக் கரைகளில் பாதிக்கு மேல் கடந்த அரை நூற்றாண்டில் காணாமல் போய்விட்டன. எஞ்சியவற்றில் சீனக் கரையின் ஒரு பகுதியை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே காப்பாற்றி இங்கே கெடுத்தாலும், இங்கே காப்பாற்றி அங்கே கெடுத்தாலும் பறவைக்கு ஒன்றுதான்.

கிள்ளான்வாசிகளுக்கு இது தூரத்துக் கதை இல்லை. காப்பார் அனல்மின் நிலையத்தைக் கடக்கும்போது நம் கண்ணுக்குப் புகைபோக்கிதான் தெரிகிறது. கடல் ஏறிச் சேறு மூழ்கும் நேரங்களில், அங்குள்ள சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் ஒதுங்கி வந்திருக்கின்றன.

குடும்பத்தோடு போக வசதியான இடம், புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் 1987இல் தொடங்கப்பட்ட கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. கோலாலம்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மின்மினி பார்க்க இரவில் போகிறவர்கள் அன்று காலையிலேயே கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிடலாம். போகுமுன் கைப்பேசியில் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் வற்றிக் கிடந்தால் பறவைகள் தூரத்துச் சேற்றில் புள்ளியாகத்தான் தெரியும். நீர் ஏற ஏறக் கரைப்பக்கம் நெருங்கி வரும்.

ஒரு வேண்டுகோள். கூட்டமாகப் பறப்பதைப் படம் பிடிக்கக் கைதட்டுவதும் ட்ரோன் விடுவதும் வேண்டாம். ஒவ்வொரு முறை பதறி எழும்போதும், பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. அதைத் திரும்பச் சேர்க்க அவற்றுக்கு இன்னும் சில வாரங்களே உண்டு. பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள், அமைதியாக இருப்பார்கள்.

ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிவையுங்கள். விட்டால், அடுத்த வரவுக்கு ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டும்.